இடக்கைக்கு ஓர் உறை

"ரெடியா மாஸ்டர்?"
ஒன்பதாவது தடவை கேட்கிறீர்கள், எஸ்.ஐ. செங்கமலவல்லி.
மழை மேடம், என்கிறேன்.
பொய்யில்லை.
முழுசாய் உண்மையும் இல்லை.

துப்பாக்கியை என்னிடம் விட்டுப்போகச் சட்டமில்லை.
நெல்லித்தோப்பில், ஜெராக்ஸ் கடை மாடியில், அரை மணி நேரம்.
தோட்டா கழற்றிய பிஸ்டல். வந்த நேரம் போகும் நேரம்
நோட்டில் எழுதிக்கொண்டு வாசலை மறித்து நின்றார் ஏட்டு.
அதற்குள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்
சுற்றிக் கோடு இழுத்தேன்.
விசை வளையத்தை நூல்போட்டு அளந்தேன்.
எடை மட்டும் கோட்டுக்குள் வரவில்லை,
அதைக் கையில் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

வேப்பங்கட்டையில் அச்சு செதுக்க
அந்துவான் ஆசாரியிடம் கொடுத்தேன்.
கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒட்டகம் செய்துகொண்டிருந்தார்.
மூன்று ராஜாக்களும் முடியட்டும், பிறகுதான் பிஸ்டல் என்றார்.
முடிந்தது.
அவர் பையன் அதைத் தூக்கிக்கொண்டு
திருடன் போலீஸ் விளையாடப் போனான்.
இரண்டு நாள் தேடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது.
அந்த இரண்டு நாளை உங்களிடம் சொல்லவில்லை.

தோல் ஆம்பூரிலிருந்து வந்தது.
ஆவாரம் பட்டையில் ஊறி
சீவிய பாக்கின் உள்நிறம்.
எந்த வேலியிலோ மாடு உரசிய தழும்பு ஒன்று, நடுவில்.
தழும்புள்ள இடம் வளையாது, முரண்டு பிடிக்கும்.
சுற்றித்தான் வெட்டவேண்டும்.

நனைத்து, அச்சின்மேல் போர்த்தி,
கட்டைவிரலால் அழுத்த அழுத்த
தோலுக்குள்ளிருந்து ஒரு பிஸ்டல் கண் விழிக்கும்.
பிறகு காயவேண்டும்.
கார்த்திகையில். பாண்டிச்சேரியில்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கும்போது.
துவைத்த லுங்கியே நாலு நாளாய்க் கொடியில் தொங்குகிறது.
ஹேர் டிரையர் வைக்கலாமே என்றீர்கள்.
வைத்தேன் ஒருமுறை, வேறொருவர் உறைக்கு.
அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டது.

கம்பெனியில் இருந்தபோது ஒரு நாளைக்கு
நூற்றெண்பது பைக்குக் கைப்பிடி வெட்டுவேன்.
பிடிக்கப்போவது யார் கை என்று ஒரு நாளும் தெரியாது.
இது தெரிந்த கை.
ஸ்டோரில் வலக்கை உறைதான் இருக்கிறது என்று
ஆறு வருடம் உடம்பைத் திருகி எடுத்துப் பழகிய இடது கை.
சுண்டுவிரல் ஓரம் ஒரு மரு.

ஓடினால் விழக்கூடாது.
கேட்டால் உடனே தரவேண்டும்.
இரண்டையும் ஒரே தோலிடம் கேட்கிறேன்.
இறுக்கினால் ஒன்று போகும், விட்டால் மற்றது.
நடுவே ஒரு நூலளவு இடம் இருக்கிறது.
அதைத் தேடித்தான்
இரண்டு ஊசி, மெழுகு தேய்த்த ஒரே நூல்,
நூற்றுப் பதினான்கு துளை.
எழுபதாவது துளையில் கரண்ட் போனது.
மெழுகுவத்தியில் போட்ட ஏழு தையலையும்
காலையில் பார்த்துவிட்டுப் பிரித்தேன்.

மூன்றாம் முறை அளவு பார்க்க வந்தபோது
பெல்ட்டில் பழைய ஓட்டை வாய் பிளந்து கிடந்தது.
கொக்கி இரண்டு ஓட்டை தள்ளிப் போயிருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
நீங்கள் ஜன்னலில் மழையைப் பார்த்தீர்கள்.
ஏட்டு நேரத்தை மட்டும் எழுதினார்.

நீங்கள் இறங்கிப் போனதும்
வளையத்தைப் பிரித்துச் சாய்வை மாற்றினேன்,
ஜீப்பில் உட்காரும்போது
பிடி வயிற்றில் இடிக்காதபடி.
மழை என்று நான் சொன்னதில் இதுவும் உண்டு.

"ஓரம் தேய்க்கிறேன் மேடம். நாலு நாள்."
ஃபோனில் வைப்பர் ஓடும் சத்தம் மட்டும்.
பிறகு,
"தை பொறந்தா ஆபீஸ் டியூட்டிதான் மாஸ்டர். அவசரமில்ல.
அப்புறம் பழைய அளவுக்கே வந்துடும்ல?"
"உறையா மேடம்?"
சிரிக்கிறீர்கள். "ரெண்டும்தான்."

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.
வளையத்தில் பழைய சாய்வுக்கும்
துளைகளைக் குத்தி
தைக்காமல் விட்டிருக்கிறேன்.